டகாக்கியா பாசியும் செம்பருத்திச் செடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகில் மிகச் சில மலைப்பகுதிகளில் மட்டும் காணப்படும் டகாக்கியா என்னும் பாசியையும், வெப்பநாடுகளில் வேலியோரம் தோறும் பூக்கும் செம்பருத்தியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பள்ளித் தாவரவியலை மறந்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, தேவையான இடங்களில் அடிப்படைச் செய்திகளும் விளக்கப்பட்டுள்ளன.

ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு செடிகளை ஏன் ஒப்பிட வேண்டும்?

தொடர்பு இல்லாமல் இல்லை. இரண்டும் நிலத்தில் வாழும் பச்சைத் தாவரங்கள். இரண்டுக்கும் நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த பொது மூதாதை ஒன்று உண்டு. அந்த இடத்திலிருந்து பிரிந்து இரு கிளைகளும் எவ்வளவு தொலைவு விலகிச் சென்றுள்ளன என்பதைக் காண, பெயரளவில் தெரிந்த இரண்டு செடிகளை விட, ஒன்று கைக்கெட்டும் தூரத்திலும் மற்றொன்று எட்டாத உயரத்திலும் இருப்பதே நல்லது. செம்பருத்தியை எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதைத் தெரிந்த அளவுகோலாக வைத்துக்கொண்டால், தெரியாத டகாக்கியாவை ஓரளவு மனத்தில் வரைந்துகொள்ள முடியும்.

பாசி என்றால் குளத்தில் படரும் பச்சைப் பாசியா?

இல்லை. தமிழில் குளத்து நீரில் படர்வதையும், மழைக்காலத்தில் சுவரில் பிடிப்பதையும், பாறையில் மெத்தைபோல் வளர்வதையும் பாசி என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பாடநூல்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, நீரில் வாழும் எளிய உயிரிகளைப் பாசிகள் என்றும், தண்டும் இலையும் போன்ற உறுப்புகளுடன் நிலத்தில் மெத்தையாக வளர்பவற்றை மாஸ் என்றும் பிரித்துச் சொல்கின்றன. இங்கே பேசப்படுவது மாஸ் வகைப் பாசி. சுவரில் பிடித்த பச்சையைக் கையால் தேய்க்கும்போது வழுவழுவென்று கறையாக ஒட்டினால் அது பெரும்பாலும் நீர்ப்பாசியின் இனம். வெல்வெட்டுத் துணியைத் தொட்டதுபோல் மெத்தென்று, நுனிநுனியாகத் தனித்து நின்றால் அது மாஸ்.

டகாக்கியா பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

முதல் பார்வையில் ஏமாற்றமே தரும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம்கூடத் தாண்டாத, வெளிர்பச்சை நிறத்தில் அடர்ந்து நிற்கும் சிறு தண்டுகள், அவ்வளவுதான். கைலென்ஸ் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் தனித்தன்மை தெரியும். மற்ற மாஸ்களின் இலை பெரும்பாலும் தட்டையான மெல்லிய ஏடுபோல் இருக்கும். டகாக்கியாவின் இலையோ இரண்டு, மூன்று அல்லது நான்கு விரல்களாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலும் உருண்டு, பென்சில் நுனிபோல் கூர்ந்து முடியும். வெட்டிப் பார்த்தால் வட்டமாகத் தெரியும் இலை, மாஸ்களுக்குள் எதிர்பார்க்கக்கூடியதே அல்ல. அந்த விரல்கள் எளிதில் ஒடியவும் செய்யும். இந்த ஒடிதன்மையைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அது குறைபாடு அல்ல.

இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன: டகாக்கியா லெபிடோசியாய்டிஸ், டகாக்கியா செரட்டோஃபில்லா. இமயமலை, திபெத், ஜப்பான், போர்னியோவின் கினபாலு மலை, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரம், அலூஷியன் தீவுகள் எனச் சிதறிய சில இடங்களில் மட்டுமே இவை பதிவாகியுள்ளன.

இந்தப் பெயர் எப்படி வந்தது?

1950களில் ஜப்பானிய மலைகளில் இந்தச் செடியைச் சேகரித்து ஆய்வுக்குக் கொண்டுவந்த நொரியோ டகாக்கி என்னும் தாவரவியலாளரின் நினைவாக, ஹட்டோரியும் இனோவேயும் 1958இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டினார்கள். ஜப்பானிய மொழியில் இதற்கு வழங்கும் பெயர் இன்னும் சுவையானது: நான்ஜாமோன்ஜா கோகே, அதாவது 'இன்னதென்றே சொல்ல முடியாத பாசி'. ஆய்வாளர்களின் திகைப்பை இதைவிட நேர்மையாகப் பதிவுசெய்த தாவரப் பெயர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் 1958க்கு முன்பே இதன் உடன்பிறப்பு மனிதர் கைக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹுக்கர் சிக்கிமில் சேகரித்த ஒரு சிறு செடியை, 1861இல் மற்றொரு தாவரவியலாளரான வில்லியம் மிட்டன் லிவர்வொர்ட் எனப்படும் வேறொரு தாவரக் குழுவில் சேர்த்து, லெபிடோசியா பேரினத்தின் கீழ் விவரித்திருந்தார். அது டகாக்கியாவின் இரண்டாவது இனம் என்பது 1963இல்தான் தெளிவாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அது தவறான அறையில் தங்கியிருந்தது.

இது மாஸ்தான் என்று எப்போது உறுதியானது?

அதற்கு இன்னும் முப்பதாண்டு ஆயிற்று. ஒரு செடியை மாஸ் என்றோ லிவர்வொர்ட் என்றோ தீர்ப்பதற்கு, அதன் வித்துப்பையும் (விதைக்குப் பதிலாக இச்செடிகள் பரப்பும் நுண்ணிய வித்துகள் உருவாகும் பை) அதைத் தாங்கும் காம்பும் எப்படி வளர்கின்றன என்பதைக் காண வேண்டும். டகாக்கியாவில் அவற்றை யாரும் கண்டதில்லை. 1990இல் அலூஷியன் தீவுகளில் செரட்டோஃபில்லா இனத்தின் ஆண் உறுப்புகளும் வித்துப்பைகளும் முதன்முதலாகக் கிடைத்தன. ஸ்மித், டேவிசன் ஆகியோர் 1993இல் அவற்றை விவரித்தார்கள்.

லிவர்வொர்ட்டுகளில் முதலில் பை முற்றும். பிறகுதான் காம்பு நீர் ஏறி விறுவிறுவென்று நீண்டு, விரைவில் வாடிவிடும். டகாக்கியாவிலோ காம்பு முன்னதாகவே நீண்டு, உறுதியாக நிற்கிறது. பையின் நடுவே மாஸ்களுக்கு உரிய தூண்போன்ற திசுவும் இருந்தது. பையின் சுவர் திருகுபோல் சுழன்று செல்லும் ஒரே கோட்டில் பிளந்து வித்துகளை வெளிவிட்டது. இந்த அடையாளங்கள் கிடைத்த பிறகு, செடி மாஸ்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது.

செம்பருத்திக்கு இப்படிப்பட்ட அலைச்சல் நேரவில்லை. லின்னேயஸ் 1753இலேயே அதற்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று பெயரிட்டார். மால்வேசி குடும்பத்தில் அதன் இடம் குறித்து ஐயம் எழுந்ததே இல்லை. பூவைக் கண்ணெதிரே காட்டும் செடிக்கும், இனப்பெருக்க உறுப்பைக் காட்டாமலேயே வாழும் செடிக்கும் உள்ள வேறுபாடு இது.

பாசியில் பூவுக்கு இணையான உறுப்பு எது?

எதுவும் இல்லை. பூ என்பது பூக்கும் தாவரங்களின் தனிச் சொத்து.

செம்பருத்திப் பூ ஒன்றைப் பறித்து, அதன் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் குழலை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். குழலின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகளாக நிற்பவை மகரந்தப்பைகள். மகரந்தத்தாள்கள் எல்லாம் அடியில் ஒன்றாக இணைந்ததால்தான் குழலே உருவாகியிருக்கிறது. கீறிய குழலுக்குள் வெண்மையான மெல்லிய இழை ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடும். அதுதான் சூலகத்தண்டு. மேல்நுனியில் அது ஐந்தாகப் பிரிந்து, ஐந்து சிவந்த வெல்வெட்டுப் பொட்டுகளாக முடிகிறது. ஆண் உறுப்பின் உள்ளே பெண் உறுப்பை நுழைத்துவைத்த இந்த அமைப்பு, தேனுக்காக வரும் பறவையின் தலையில் மகரந்தத்தைப் பூசுவதற்கு ஏற்றது. மகரந்தத் தூளும் பெரியது; ஒவ்வொரு மணியிலும் முட்கள் உண்டு; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும் அந்த மணிகளை வெறுங்கண்ணாலேயே தனித்தனியாகக் காணலாம்.

மாஸ்களில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. பெண் உறுப்பு குடுவை வடிவத்தில் மிக நுண்ணியதாக இருக்கும். டகாக்கியாவில் அந்தக் குடுவைகள் இலைகளால் மூடப்படாமல் தண்டின் மீதே வெறுமையாக நிற்கும். ஆண் அணுக்களுக்கு நீந்தும் இழைகள் உண்டு. மழைநீரோ பனிநீரோ மெல்லிய படலமாகப் பரவியிருந்தால்தான் அவை குடுவையைச் சென்றடைய முடியும். செம்பருத்தியில் நீருக்குப் பதிலாக, மகரந்த மணியிலிருந்து வளரும் குழாயே ஆண் அணுக்களைச் சூல்வரை கொண்டு சேர்க்கிறது.

பாசிச் செடியும் செம்பருத்திச் செடியும் உடலளவில் ஒரே தகுதியுடையவையா?

இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமானது இந்தக் கேள்விதான். இதற்கான விடையைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

நிலத்தாவரங்கள் எல்லாம் தம் வாழ்வை இரண்டு உடல்களில் மாறிமாறி வாழ்கின்றன. ஓர் உடலின் செல்களில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாக இருக்கும். ஆண், பெண் அணுக்களை உருவாக்குவது அதன் வேலை. இதைக் கேமிட்டோஃபைட் என்பார்கள். ஆண் அணுவும் பெண் அணுவும் கலந்த பிறகு உருவாகும் மற்றோர் உடலில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதியாக இருக்கும். வித்துகளை உருவாக்குவது அதன் வேலை. இதை ஸ்போரோஃபைட் என்பார்கள். எல்லா நிலத்தாவரங்களுக்கும் இரண்டு உடல்களும் உண்டு. ஆனால் எந்த உடல் வெளியே தெரியும்படி பெரிதாக வளர்கிறது, எது சுருங்கி மற்றதைச் சார்ந்து வாழ்கிறது என்பதில்தான் மாஸ்களும் பூக்கும் தாவரங்களும் நேர் எதிராக நிற்கின்றன.

நாம் பாறையில் காணும் பச்சை மெத்தை முழுவதும் கேமிட்டோஃபைட். காம்பும் வித்துப்பையுமாக அதன்மேல் எப்போதாவது எழுந்து நிற்பதுதான் ஸ்போரோஃபைட். அது தாய்ச்செடியின் மேலேயே ஒட்டிக்கொண்டு, அதனிடம் உணவு வாங்கி வாழ்கிறது. செம்பருத்தியில் வேர், தண்டு, இலை, பூவிதழ் என நம் கண்ணுக்குத் தெரிவது எல்லாமே ஸ்போரோஃபைட். அதன் கேமிட்டோஃபைட் எங்கே? ஆணுக்குரியது மகரந்த மணிக்குள் இரண்டு மூன்று செல்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. பெண்ணுக்குரியது சூலுக்குள் ஏழே செல்கள் கொண்ட சிறு பையாக ஒளிந்திருக்கிறது.

ஆகவே, டகாக்கியாவின் பச்சைத் தண்டுக்கு நேர் இணையானது செம்பருத்தியின் தண்டு அல்ல. விரலில் ஒட்டும் அந்த மஞ்சள் மகரந்தத் தூளின் உட்பகுதிதான் அதற்கு இணை. மாறாக, ஆள் உயரம் வளரும் செம்பருத்திப் புதருக்கு இணையாக டகாக்கியாவில் இருப்பது ஒரு சில மில்லிமீட்டர் நீளமுள்ள காம்பும் பையும் மட்டுமே. 'பாசி சிறியது, புதர் பெரியது' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அப்போது நாம் ஒன்றின் முதல் பாதியையும் மற்றொன்றின் இரண்டாம் பாதியையும் அளந்துகொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

வித்து, விதை இரண்டும் ஒன்றுதானே?

அல்ல. பாசியின் வித்து ஒரு நுண்ணிய உயிரணு. அதில் கருவும் இல்லை, சேமித்த உணவும் பெரிதாக இல்லை. விதை என்பது கரு, உணவு, உறை மூன்றும் சேர்ந்த கட்டமைப்பு. பேச்சுவழக்கில் இரண்டு சொற்களும் கலந்து வழங்கினாலும், தாவரவியலில் பிரித்தே பயன்படுத்த வேண்டும்.

வேர் இல்லாமல் டகாக்கியா எப்படி நீர் குடிக்கிறது?

மாஸ்கள் எவற்றுக்குமே உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலான மாஸ்களுக்கு ரைசாய்டு எனப்படும் மெல்லிய பிடிப்பிழைகள் உண்டு. டகாக்கியாவுக்கு அவையும் இல்லை. மண்ணுக்குள் செல்லும் பகுதி நிறமற்ற தண்டாக நீள்கிறது. தண்டின் மேல் வழுவழுப்பான பசையைச் சுரக்கும் மயிர்கள் உள்ளன. நீரை உடல் முழுவதும், இலையின் பரப்பு வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. இலைத்துளைகளும் இல்லை, அதன் வித்துப்பையில்கூட அவை கிடையாது.

செம்பருத்தி ஆணிவேரும் பக்கவேர்களும் கொண்டு மண்ணைத் துழாவி, லிக்னின் என்னும் பொருளால் உறுதிபெற்ற குழாய்கள் வழியாக நீரை உச்சிக்கிளைவரை ஏற்றுகிறது. மரத்தன்மை தருவதும் அந்த லிக்னின்தான். அதனால்தான் அது மூன்று நான்கு மீட்டர் உயர முடிகிறது; மாஸ் தரையோடு தரையாக நிற்கிறது. இதைப் பாசியின் இயலாமையாகக் கருத வேண்டியதில்லை. பனி விலகியதும் முதலில் நனைவது தரைமட்டம்தான்.

இரண்டும் எவ்வாறு பெருகுகின்றன?

மேலே சொன்ன வேறுபாடுகளுக்கெல்லாம் பிறகு, இந்த ஓரிடத்தில் இரண்டும் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகின்றன. இரண்டும் துண்டுகளாலேயே வாழ்கின்றன.

டகாக்கியா லெபிடோசியாய்டிஸ் இனத்தில் பெண் செடிகள் மட்டுமே அறியப்பட்டுள்ளன. ஆண் இல்லாததால் கலப்பும் இல்லை, வித்தும் இல்லை. அப்படியானால் அது எப்படிப் பரவுகிறது? எளிதில் ஒடியும் என்று சொன்னோமே, அந்த விரல்போன்ற இலைகளும் தண்டுத் துண்டுகளும் விழுந்த இடத்தில் புதுச்செடியாகத் தளிர்க்கின்றன.

வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியும் இதையே செய்கிறது. அது காய்ப்பதைப் பலர் வாழ்நாளில் பார்த்திருக்கவே மாட்டார்கள். நாளுக்கு ஒரு பூ என்று விடாமல் பூத்தாலும், மறுநாளே பூ சுருண்டு உதிர்ந்துவிடும். காய் பிடிப்பது அரிது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாகவே மாறிவிடுவதால் வாய்ப்பு இன்னும் குறைவு. ஆகவே பென்சில் தடிமனுள்ள ஒரு குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமண்ணில் நட்டுத்தான் அதைப் பெருக்குகிறோம். ஓரிரு மாதத்தில் கணுவிலிருந்து வேர் இறங்கிவிடும். பதியம் போடுவதும் ஒட்டுக்கட்டுவதும் இதன் வேறு வழிகளே.

வேறுபாடு ஒன்று உண்டு. டகாக்கியாவின் துண்டைக் கொண்டுசெல்வது இயற்கையின் கைவேலை. செம்பருத்தியின் துண்டைக் கொண்டுசெல்வது மனிதர். ஒன்று அரிதாகவும் மற்றொன்று எங்கும் நிறைந்ததாகவும் இருப்பதன் காரணத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மனிதக் கை விலகிக்கொண்டால், காய்க்காத செம்பருத்தி நட்ட இடத்தைத் தாண்டி நகராது.

செம்பருத்தியின் சொந்த ஊர் எது?

அது இயல்பாகக் காட்டில் வளரும் இடம் எதுவும் அறியப்படவில்லை. மிகப் பழங்காலத்திலேயே மனிதர் வளர்த்த செடிகள் கலந்து உருவான கலப்பினமாகவே தாவரவியலாளர் அதைக் கருதுகிறார்கள். பிற்காலத்தில் வேறு ஹைபிஸ்கஸ் இனங்களுடனும் கலந்து, இன்று ஆயிரக்கணக்கான வகைகள் உள்ளன. குரோமோசோம் எண்ணிக்கையே வகைக்கு வகை பெரிதும் மாறுபடும்.

இதற்கு நேர் மாறாக, டகாக்கியா லெபிடோசியாய்டிஸின் செல்லில் நான்கே குரோமோசோம்கள். செரட்டோஃபில்லாவில் ஐந்து. நிலத்தாவரங்களில் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை மிகவும் அபூர்வம்.

எது பழமையானது?

டகாக்கியா. ஐயமே வேண்டாம். சீன, ஜெர்மானிய ஆய்வாளர்கள் திபெத்தில் பத்தாண்டுக்கும் மேலாகச் செய்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி டகாக்கியாவின் வழி சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன் மற்ற மாஸ்களிடமிருந்து பிரிந்திருக்கிறது. சீனாவின் உள்மங்கோலியா பகுதியில் கிடைத்த சுமார் 16.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவங்களிலும் ஏறத்தாழ இதே உருவம் காணப்படுகிறது. பூக்கும் தாவரங்களின் தெளிவான புதைபடிவங்களோ சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. முதல் பூ மலர்வதற்கு மிக நீண்ட காலம் முன்பே டகாக்கியாவின் முன்னோர் நிலத்தில் இருந்தார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழமையான வழியில் வந்தது என்பதற்கும், மாறாமல் உறைந்து நின்றது என்பதற்கும் வேறுபாடு உண்டு. அதே ஆய்வில் டகாக்கியாவின் மரபணுத் தொகுதியும் முழுவதும் வாசிக்கப்பட்டது. அதில் சுமார் 27,500 மரபணுக்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்த தாவரங்களிலேயே விரைவாக மாறிக்கொண்டிருக்கும் மரபணுக்கள் அதிகம் இருந்தது இதில்தான். வெளி உருவம் அப்படியே நிற்க, உள்ளே வேலை ஓயாமல் நடந்திருக்கிறது. 'உயிருள்ள புதைபடிவம்' என்ற அடைமொழியை இந்தச் செடிக்குச் சூட்டுவதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

உள்ளே என்ன மாறியது?

இந்தியக் கண்டத்தட்டு ஆசியாவோடு மோதி இமயமலை உயரத் தொடங்கியபோது, டகாக்கியா ஏற்கெனவே அந்த நிலத்தில் இருந்தது. செடி மலை ஏறவில்லை. மலைதான் செடியைத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது. 4,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து, புற ஊதாக் கதிர் கடுமையாகத் தாக்கும். ஆண்டில் எட்டு மாதம் பனி மூடிக்கிடக்கும். பனி விலகிய நான்கு மாதத்துக்குள் செடி வளர்ந்தாக வேண்டும். சேதமடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்யும் மரபணுக்களும், செல்சவ்வு உறையாமல் இளக்கமாக இருக்க உதவும் கொழுப்பு அமிலங்களை உருவாக்கும் வழிகளும் டகாக்கியாவில் வலுப்பெற்றிருப்பது இந்தச் சூழலுக்கான விடைதான்.

செம்பருத்தியை அந்த உயரத்தில் ஒரே ஓர் இரவு வைத்தால் போதும், இலையெல்லாம் கருகிவிடும். உறைபனியை அது தாங்காது.

இவ்வளவு தாங்கும் செடி ஏன் அழிவை நோக்கிச் செல்கிறது?

குளிரைத் தாங்கக் கற்ற செடிக்கு வெப்பம் தாங்காது என்பதே சுருக்கமான விடை. திபெத்தில் ஆய்வாளர்கள் கவனித்த இடத்தில் சராசரி வெப்பநிலை ஏறிக்கொண்டே இருந்தது, அருகிலிருந்த பனியாறு பின்வாங்கிக்கொண்டே இருந்தது. டகாக்கியா மூடியிருந்த பரப்பு ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு சுருங்கியது. அதே இடத்தில் வாழ்ந்த வேறு நான்கு மாஸ் இனங்களைவிட இதன் வீழ்ச்சி விரைவானது. இந்த நூற்றாண்டின் இறுதியில், அது வாழத்தக்க நிலம் உலகம் முழுவதிலும் 1,000 முதல் 1,500 சதுரக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள்.

மரபணுக்கள் விரைவாக மாறுகின்றனவே, தப்பிக்க முடியாதா என்று கேட்கலாம். அந்த 'விரைவு' கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கில் சொல்லப்படுவது. மலை எழுவதற்கு எடுத்துக்கொண்ட காலம் செடிக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் பனி உருகினால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. மலையில் வாழும் செடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வெப்பம் ஏற ஏற மேல்நோக்கி நகரலாம், ஆனால் உச்சிக்கு மேல் இடம் இல்லை. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே இருந்து, அவை அழிந்த பின்னும் நிலைத்த ஒரு வழி, நம் காலத்தில் முடிந்துபோகக்கூடும் என்பதை எழுதும்போது கை தயங்குகிறது.

செம்பருத்தி எங்கும் இருப்பதால் அதன் குடும்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் அல்லவா?

வேண்டும். ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் ஹைபிஸ்கஸ் கிளேயி என்னும் காட்டுச் செம்பருத்தி அழியும் நிலையில் உள்ளது. அதே மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்த கோக்கியா குக்கீ என்னும் சிறுமரம் அங்குள்ள மொலோகாய் தீவின் காட்டிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது. நெருங்கிய உறவினத்தின் மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றப்பட்டதால்தான் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஒரு செடியை மனிதர் உலகெங்கும் நட்டார்கள் என்பதற்காக, மற்றவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று பொருளல்ல.

டகாக்கியாவை வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியாது, முயலவும் கூடாது. ஆய்வகங்களில் கட்டுப்படுத்திய குளிரிலும் ஒளியிலும் வளர்க்கிறார்கள், அதுவே கடினமான வேலை. மலையிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்தால் அந்தப் பிடியும் வாடும், எடுத்த இடமும் வெறுமையாகும். மாஸ் வளர்க்க விரும்புபவர்கள், தம் சுவரோரத்தில் தானாக முளைத்த மாஸை நிழலும் ஈரமும் மாறாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

செம்பருத்தியைப் பார்க்கலாம், டகாக்கியாவை நேரில் காண வழியில்லாதவர் எதைப் பார்க்கலாம்?

எந்தச் சாதாரண மாஸையும் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள், நிழலான செங்கல் சுவரிலோ மரத்தின் அடியிலோ மெத்தென்ற பச்சை தெரிந்தால், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தை அதன் அருகே கொண்டுசெல்லுங்கள். லென்ஸை மாஸின் அருகே பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. இலைகள் தண்டைச் சுற்றி எப்படி அமைந்துள்ளன, தட்டையா உருண்டையா, நடுநரம்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே மெல்லிய காம்பில் பழுப்புநிறப் பை ஒன்று எழுந்து நின்றால், அதன் உச்சியில் தொப்பிபோல் ஒரு மூடி இருக்கும். அது உதிர்ந்திருந்தால் வாயைச் சுற்றி நுண்ணிய பற்கள் வரிசையாகத் தெரியும். டகாக்கியாவுக்கு அந்த மூடியும் இல்லை, பற்களும் இல்லை; அவற்றுக்குப் பதிலாகத்தான் அதன் பை திருகாகப் பிளக்கும்.

பிறகு பக்கத்திலிருக்கும் செம்பருத்தியின் மகரந்தத்தை விரல்நுனியில் கொஞ்சம் ஒற்றி எடுத்து, அதே லென்ஸில் பாருங்கள். முள் முளைத்த மஞ்சள் உருண்டைகள் தெரியும். சுவரில் மெத்தையாகப் படர்ந்திருக்கும் அந்தப் பச்சை உடலுக்குச் செம்பருத்தியில் இணையாக இருப்பது அந்த உருண்டைகளின் உள்ளேதான் இருக்கிறது.